3,500 பவுண்ட் இழுக்கும் மினிவேன், பாப்-அப் கேம்பர், ஐந்து பேர்: கணக்கு சரியா வருமா?

குடும்பவண்டி:
எல்லோருக்கும் வணக்கம். எங்களிடம் இருப்பது 2016 டொயோட்டா சியன்னா, வி6 எஞ்சின், முன்சக்கர டிரைவ். இழுவைத் திறன் 3,500 பவுண்ட், அதாவது 1,590 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று கையேட்டில் இருக்கிறது. பழைய பாப்-அப் கேம்பர் (கூரையைத் தூக்கிக் கூடாரமாக விரித்துத் தங்கும் ட்ரெய்லர்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். காலி எடை 1,043 கிலோ, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அதிகபட்சம் 1,451 கிலோ வரை போகலாம் என்று அதன் தகட்டில் உள்ளது. நாங்கள் இருவர், பிள்ளைகள் மூன்று பேர். சில பயணங்களில் அம்மாவும் வருவார்.

விற்பவர் "இதைவிடப் பெரியதையே மினிவேன் இழுக்கும்" என்கிறார். என் கணவருக்குத் தயக்கம். எண்களைப் பார்த்தால் இடம் தாராளமாக இருக்கிற மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்கியர்:
தாராளமாக இழுக்கும் சகோ. பாப்-அப் மடித்தால் வேனின் பின்கண்ணாடி உயரத்துக்குத்தான் நிற்கும், காற்று முட்டாது. அதே எடையில் நெடுஞ்சுவர் வைத்த டிராவல் ட்ரெய்லரை இழுத்தால் எஞ்சின் மூச்சு வாங்கும், இதில் அந்தத் தொல்லை இல்லை. நான் பல வருடமாக மினிவேனில்தான் இழுக்கிறேன். வாங்கிவிடுங்கள்.

திருகாணி:
மூன்றாம்கியர் சொன்ன காற்று விஷயம் முழு உண்மை. மினிவேனுக்குப் பாப்-அப் பொருந்துவதற்கு முதல் காரணமே அதுதான். ஆனால் "இழுக்குமா" என்பதை நான் கடைசியாகத்தான் கேட்பேன். முன்னால் கேட்க வேண்டியது "சுமக்குமா" என்பது.

கேம்பரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இருப்பதில்லை. அதில் ஒரு பங்கு ஹிட்ச், அதாவது கேம்பரை வேனோடு மாட்டும் இணைப்பு, வழியாக வேனின் பின்பக்கத்தில் உட்காரும். இதுதான் டங் வெயிட். கேம்பரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இது இருக்க வேண்டும். 10-க்குக் கீழே போனால் கேம்பர் வாலாட்ட ஆரம்பிக்கும், 15-க்கு மேலே போனால் வேனின் பின்பக்கம் அமுங்கும். இந்த டங் வெயிட் வேனுக்கு ஒரு சரக்குதான். நீங்கள், பிள்ளைகள், பைகள் எல்லாம் எந்தக் கணக்கில் வருகிறதோ அதே கணக்கில் இதுவும் வரும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். "பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது" என்று ஒரே ஒரு எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணையும், வீட்டில் ஒவ்வொருவரின் எடையையும் இங்கே போடுங்கள். இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். ஒரே மாடலில்கூடச் சன்ரூஃப், மின்கதவு, கூடுதல் இருக்கை என்று ஒவ்வொரு வண்டிக்கும் அது மாறும்.

இன்னொன்று. 3,500 என்ற எண்ணை நிர்ணயிக்கும்போது வண்டியில் யார் இருந்தார்கள் என்பதையும் பாருங்கள். எஸ்ஏஈ ஜே2807 என்ற சோதனை முறையில் தலா 150 பவுண்ட், அதாவது 68 கிலோ, எடையுள்ள இரண்டு பேர் மட்டும்தான் வண்டிக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். ஆள் கூடக் கூட இழுவை குறையும் என்று அட்டவணையே போடும் கையேடுகளும் உண்டு. உங்கள் கையேட்டின் அந்தப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள்.

குடும்பவண்டி:
ஸ்டிக்கரில் 530 கிலோ என்று இருக்கிறது. இவர் 82, நான் 64. பிள்ளைகள் 48, 36, 22. கடைக்குட்டியின் இருக்கை 8 கிலோ வரும். அம்மா 60. டங் வெயிட்டுக்கு உச்சவரம்பு 350 பவுண்ட் என்று ஹிட்ச் பகுதியில் போட்டிருக்கிறது.

திருகாணி:
நன்றி தோழி, இப்போது பேச முடியும்.

ஐந்து பேரும் இருக்கையும் சேர்த்து 260 கிலோ. ஹிட்ச் ரிசீவர் (வேனின் அடியில் பொருத்தும் இரும்புச் சட்டம்) கம்பெனியில் வந்ததாக இல்லாமல் பின்னால் போட்டதாக இருந்தால் அதன் இரும்பு, பால் மவுண்ட் (கேம்பரின் மூக்கு உட்காரும் இரும்பு உருண்டையின் தாங்கி) எல்லாம் சேர்த்து 20 கிலோ. ஆக 280.

இனி கேம்பர். காலி எடை 1,043 என்பது தொழிற்சாலை வாசலில் எடுத்தது. பேட்டரி அதில் இருக்காது, அது ஒரு 22 கிலோ. கேஸ் சிலிண்டர் நிறைத்தால் 17. கூரையில் ஏசி பின்னால் மாட்டியிருந்தால் 40 போல. வெயில்மறைப்பு, படுக்கை விரிப்புகள், பாத்திரங்கள், நாற்காலிகள், அடுப்பு என்று போகப் போக ஒன்றரைக் குவிண்டால் சுலபமாக ஏறிவிடும். தண்ணீர்த் தொட்டியில் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ. சுமார் 1,290 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். அதில் 12 சதவீதம் எடுத்தால் டங் வெயிட் 155 கிலோ.

280-உடன் 155 சேர்ந்தால் 435. ஸ்டிக்கர் தரும் 530-இல் மிச்சம் 95 கிலோ. வேனுக்குள் வைக்கும் உடைப் பைகள், ஐஸ்பெட்டி, சைக்கிள், கருவிப்பெட்டி எல்லாமே அந்த 95-க்குள். அம்மா வந்தால் 35 கிலோதான் மிச்சம்.

இழுவைத் திறனைப் பார்த்தால் 1,590-இல் 1,290, முந்நூறு கிலோ இடம் இருக்கிறது. ஆனால் சுமைக் கணக்கில் இடம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. மினிவேனில் எப்போதும் இதுதான் முதலில் தீரும். ஏழெட்டுப் பேர் உட்கார இருக்கை இருக்கிறதே தவிர, அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ட்ரெய்லரின் மூக்கையும் தாங்கும்படி அதன் ஸ்பிரிங்கும் அச்சும் செய்யப்படவில்லை.

டங் வெயிட் உச்சவரம்பையும் பாருங்கள். 350 பவுண்ட் என்றால் 159 கிலோ. நாம் போட்ட கணக்கு 155. நான்கு கிலோ இடைவெளியை நம்பி நான் கிளம்ப மாட்டேன்.

கூடாரவாசி:
திருகாணி அண்ணா கணக்கோடு ஒன்று சேர்க்கிறேன். டங் வெயிட் 155 என்றால் பின் அச்சில் ஏறுவது 155 மட்டும் இல்லை. ஹிட்ச் பால் பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறது. அங்கே அழுத்தினால் பின் அச்சு தாங்குபுள்ளியாகி, முன்பக்கம் கொஞ்சம் தூக்கும். அந்த நீட்டம் 1.1 மீட்டர், சக்கர இடைவெளி 3 மீட்டர் என்று வைத்தால் பின் அச்சில் சுமார் 212 கிலோ ஏறும், முன் அச்சில் 57 கிலோ குறையும். முன்சக்கர டிரைவ் வண்டியில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன்சக்கரம்தான். ஈரமான ஏற்றத்திலும் சரளை மண்ணிலும் முன்சக்கரம் வழுக்கிச் சுழல்வதற்கு இதுதான் காரணம்.

பயந்து விட்டுவிட வேண்டாம். எடையை எங்கே வைக்கிறோம் என்பதில் நிறைய நம் கையில் இருக்கிறது. பாப்-அப்களில் முன்பக்கம் பெரிய சாமான் பெட்டி இருக்கும் மாடலா உங்களுடையது? இருந்தால் கனமானவை எல்லாம் அங்கேதான் போகும், கை தானாக அங்கே வைக்கும். பெட்டி நேராக ஹிட்ச் பக்கம் இருப்பதால் அதில் போடும் 30 கிலோவில் பாதிக்கு மேல் டங் வெயிட்டாகவே வந்துவிடும். கனமானதை கேம்பரின் அச்சுக்கு நேர் மேலே, தரையில் வையுங்கள். அதற்காகக் கடைசியில் கொண்டுபோய்க் குவிக்காதீர்கள். பின்பாரம் கூடினால் டங் வெயிட் குறைந்து வாலாட்டம் வரும், அது இதைவிட ஆபத்து.

அளப்பது சுலபம். வீட்டு எடைமெஷின் போதும். சமதரையில் கேம்பரை நிறுத்தி, சக்கரத்துக்கு ஆப்பு வைத்து, ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையை எடைமெஷின் மேலும் வையுங்கள். செங்கலிலிருந்து ஓர் அடி, மெஷினிலிருந்து இரண்டு அடி தள்ளி கேம்பரின் மூக்கை ஒரு முட்டுக்கட்டையோடு இறக்குங்கள். முட்டின் உயரம், வேனில் மாட்டும்போது இருக்கும் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். பலகையின் சொந்த எடைக்கு முதலிலேயே மெஷினைப் பூஜ்யம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கியர்:
மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. ஸ்டிக்கர் எண்ணில் கம்பெனிக்காரர்கள் ஒதுக்கு வைத்துத்தான் போடுவார்கள். 20 கிலோ கூடினால் அச்சு முறிந்துவிடாது. அப்புறம் பிரேக் கன்ட்ரோலர் (கேம்பரின் சொந்த மின்பிரேக்கை வேனிலிருந்து இயக்கும் கருவி) என்று செலவு வைப்பார்கள். இந்த அளவு கேம்பருக்கு வேனின் பிரேக்கே போதும், எனக்குப் போதுமாகத்தான் இருக்கிறது.

திருகாணி:
தம்பி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். இந்த இரண்டு இடத்திலும் ஒத்துப்போக முடியவில்லை.

ஒதுக்கு இருக்கிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அது எதற்காக வைத்தது? குழியில் விழும்போது, சட்டென்று பிரேக் போடும்போது, வளைவில் ஒரு பக்கம் சாயும்போது அந்த ஒதுக்கைத்தான் வண்டி எடுத்துக்கொள்கிறது. நாம் முன்னாலேயே எடுத்துக்கொண்டால் அந்த நேரத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. முதலில் விட்டுப்போவது அச்சும் இல்லை, டயர். ஸ்டிக்கரில் உள்ள எண் அந்த டயருக்கும் அந்தக் காற்றழுத்தத்துக்கும் சேர்த்துப் போட்டது.

பிரேக் விஷயத்தில் நான் இறங்கி வரவே மாட்டேன். ட்ரெய்லர் 1,000 பவுண்ட், அதாவது 454 கிலோவைத் தாண்டினாலே அதற்குச் சொந்த பிரேக் வேண்டும் என்று டொயோட்டா உட்படப் பல கையேடுகள் சொல்கின்றன. உள்ளூர்ச் சட்டம் இளக்கமாக இருந்தாலும் கையேடு இளக்கம் தரவில்லை. சியன்னாவும் ஐந்து பேரும் சேர்ந்து இரண்டரை டன் பக்கம். பின்னால் 1.3 டன் பிரேக் இல்லாமல் தள்ளினால் நிற்கும் தூரம் நீளும். நீளமான இறக்கத்தில் வேனின் பிரேக் சூடேறி மிதி இறங்கிக்கொண்டே போகும். வளைவில் பிரேக் போட்டால் கேம்பர் பின்னாலிருந்து வேனைத் தள்ளித் திருப்பப் பார்க்கும். பிள்ளைகள் பின்னிருக்கையில் இருக்கும் வண்டி இது.

மூன்றாம்கியர்:
நான் பெரும்பாலும் சமவெளியில், இரண்டு பேராகத்தான் போகிறேன். என்னுடையதும் சின்னது, 700 கிலோ. இவர்களுடைய நிலை வேறு என்பது புரிகிறது. சகோ, பிரேக் கன்ட்ரோலர் போட்டுவிடுங்கள்.

மழைக்காடு:
வயரிங் யாரிடம் கேட்பது என்று தேடி அலைந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மினிவேனுக்கு வாங்கும் சாதாரண வயரிங் கிட்டில் நான்கு முனைத் தட்டைப் பிளக்தான் வரும். பின்விளக்கு, இரண்டு பக்கத் திருப்ப விளக்கும் பிரேக் விளக்கும், எர்த். அவ்வளவுதான். அதில் மின்பிரேக் வேலை செய்யாது. ஏழு முனை வட்டப் பிளக் வேண்டும். பிரேக் கன்ட்ரோலருக்கு வேனின் பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்துத் தனி வயர் இழுக்க வேண்டும், பிரேக் மிதியின் சுவிட்சிலிருந்து ஒரு சிக்னல் எடுக்க வேண்டும்.

டேஷ்போர்டைக் குடைய மனமில்லை என்றால் கேம்பரின் மூக்கிலேயே மாட்டும் ரேடியோ வகைக் கன்ட்ரோலரும் இருக்கிறது, கையடக்க ரிமோட்டோடு வரும். எதை வாங்கினாலும் ப்ரொபோர்ஷனல் வகையாகப் பாருங்கள். நீங்கள் எவ்வளவு வேகமாக நிற்கிறீர்களோ அந்த அளவுக்கு கேம்பரும் பிரேக் போடும். நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கும் மலிவு வகை, மெதுவாக நிற்கும்போதும் அவசரமாக நிற்கும்போதும் ஒரே மாதிரி பிரேக் போடும்.

எனக்கும் ஒரு கேள்வி. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் போட்டால் இந்தப் பின்னச்சுப் பாரம் தீருமா? ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப்பை போட்டால்?

கூடாரவாசி:
காற்றுப்பை உயரத்தைச் சமன்படுத்தும், அவ்வளவே. பின்பக்கம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துச் சுமை குறைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அச்சும் டயரும் அதே எடையைத்தான் சுமக்கின்றன, ஸ்டிக்கர் எண்ணும் ஒரு கிலோகூட ஏறாது. விளக்கு வானத்தைப் பார்க்காமல் இருக்க உதவும் என்பதால் நான் அதற்கு எதிரி இல்லை.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் உண்மையிலேயே முன் அச்சுக்கும் கேம்பரின் அச்சுக்கும் பாரத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் அதற்கென்றே 30, 40 கிலோ இரும்பு மூக்கில் ஏறும். வேனின் அடிப்பாகத்தில் முறுக்கு விசை கொடுக்கும். மினிவேன் முழுக்க ஒரே கூடாகச் செய்த உடல், தனிச் சட்டம் கிடையாது. அதனால் வேன் கையேடு, ரிசீவர் தயாரிப்பாளர், கேம்பர் தயாரிப்பாளர் மூவரும் சம்மதித்தால்தான் போட வேண்டும். பாப்-அப்களின் மூக்குச் சட்டம் மெல்லியது, சில தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

புதுப்பாதை:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது 2021 சியன்னா ஹைப்ரிட். இதே அறிவுரை பொருந்துமா?

திருகாணி:
பொருந்தாது. 2021-இல் சியன்னா முழுக்க ஹைப்ரிட் ஆனபோது இழுவை 1,500 பவுண்ட், 680 கிலோ என்று இறங்கிவிட்டது. பாப்-அப்பில் மிகச் சிறியவை, அல்லது கண்ணீர்த்துளி வடிவக் குட்டி ட்ரெய்லர்கள்தான் உங்களுக்கு. கிறைஸ்லர் பசிஃபிகாவிலும் இதே கதை. பெட்ரோல் மாடலுக்கு இழுவைப் பொதியோடு 3,600 பவுண்ட், பிளக்-இன் ஹைப்ரிடுக்கு இழுவையே கூடாது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி யாரும் கேம்பர் வாங்கிவிட வேண்டாம்.

குடும்பவண்டி:
இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். அம்மா வரும் பயணங்களில் கேம்பர் இல்லாமல் போவது, அல்லது அவரும் இவரும் தனி வண்டியில் வருவது என்று முடிவு. பிரேக் கன்ட்ரோலர் கட்டாயம். கேம்பரை நேரில் போய்ப் பார்க்கப் போகிறோம். பழையது என்பதால் எதைப் பார்க்க வேண்டும்?

கூடாரவாசி:
கூடாரத் துணியைப் பார்ப்பதற்கு முன்னால் தரைக்குப் போங்கள். கதவோரம், தண்ணீர்த் தொட்டி பக்கம், நான்கு மூலை எல்லா இடத்திலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் ஊறிவிட்டது. துணியைத் தைத்துக்கொள்ளலாம், தரையைத் திருத்துவது கேம்பரையே பிரிப்பது.

கூரையை உங்கள் கையாலேயே கிராங்க் சுற்றித் தூக்குங்கள், விற்பவர் செய்து காட்ட விடாதீர்கள். நான்கு மூலையும் ஒன்றாக எழ வேண்டும். ஒன்று பின்தங்கினால் கேபிளோ கப்பியோ போயிருக்கிறது. கூரைமேல் சைக்கிள் கேரியர் இருந்தால், அதோடு கூரையைத் தூக்குகிறார்களா என்று கேளுங்கள். தூக்கும் அமைப்பு அந்த எடைக்குச் செய்தது இல்லை.

டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டில் கடைசி நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-இன் 23-ஆவது வாரம். கேம்பர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடும், பட்டன் ஆழமாக இருக்கிறது என்பது ஒரு சான்றும் இல்லை. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவை விலையில் பேசுங்கள். அந்த ட்ரெய்லர் டயர்களில் தனியாக வேகக் குறி எதுவும் இல்லாவிட்டால் மணிக்கு 65 மைல், சுமார் 105 கிலோமீட்டர்தான் எல்லை. காற்று, டயர் பக்கவாட்டில் போட்ட உச்ச அளவுக்கு.

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பின் சுற்றிவிடுங்கள். கரகரப்பு இருந்தால் பேரிங். இல்லாவிட்டாலும் புதிய கிரீஸ் போட்டுத்தான் முதல் பயணம் போங்கள், அப்புறம் வருடம் ஒரு முறை.

திருகாணி:
ஓட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காகப் போட்டு மாட்டுங்கள். பால் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். பிரேக்அவே கம்பியைச் சங்கிலியில் மாட்டாமல் வேனில் தனி இடத்தில் மாட்டுங்கள். இரண்டும் பிரிந்தால் கேம்பர் தன் பேட்டரியிலேயே பிரேக் போட்டுக்கொள்ளும். அந்தப் பேட்டரி சார்ஜில் இருக்கிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள்.

பெரிய லாரி கடந்து போகும்போது, அல்லது இறக்கத்தில் வேகம் கூடும்போது கேம்பர் ஆட ஆரம்பித்தால் வேன் பிரேக்கை மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை விடுங்கள், கன்ட்ரோலரில் கையால் அழுத்தும் பொத்தானை மெதுவாக அழுத்துங்கள். கேம்பர் மட்டும் பிரேக் போட, இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கை போகும்படி, இவரும் நீங்களும் காலியான இடத்தில் பழகிக்கொள்ளுங்கள். நின்ற பிறகு சாமான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கே கிடைக்கும்.

இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள். ஏற்றத்தில் கியர் மாறி மாறித் துடித்தால் கீழ்க் கியரிலேயே நிறுத்துங்கள், எஞ்சின் சத்தம் கூடினாலும் டிரான்ஸ்மிஷன் குளிர்ச்சியாக இருக்கும். ஓபிடி துளையில் (வண்டியின் கணினியைப் படிக்க டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் இணைப்பு) சொருகும் சின்ன ரீடர் வாங்கி டிரான்ஸ்மிஷன் ஆயில் சூட்டைப் பாருங்கள். 100 டிகிரி செல்சியஸ் சுற்றி இருந்தால் நான் கவலைப்படுவதில்லை, 120-ஐத் தொட்டால் ஓரம் கட்டுவேன். ஆயிலையும் சாதாரணமாக மாற்றும் இடைவெளிக்கு முன்பே மாற்றுங்கள்.

குடும்பவண்டி:
வாங்கிவிட்டோம். தரை கெட்டியாக இருக்கிறது, கூரை நேராக எழுகிறது. டயர் இரண்டும் பழையது, விலையில் குறைத்துக்கொண்டார், புதியது போட்டாயிற்று. பேரிங் கிரீஸும் முடிந்தது.

பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாம் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டுபோனோம். தண்ணீர்த் தொட்டி காலி. கேம்பர் 1,240 கிலோ. முதலில் டங் வெயிட் 168 வந்தது, வரம்பைத் தாண்டிவிட்டது. முன்பெட்டியில் இருந்த கருவிகள், கூடார ஆணிகள், வார்ப்பிரும்புக் கல் எல்லாவற்றையும் அச்சுக்கு மேலே தரைக்கு மாற்றிய பிறகு 141. அது 11 சதவீதத்துக்கு மேலே. வேனில் நாங்கள் ஐவரும் பைகளும் ஏறி, ஹிட்ச், டங் வெயிட் எல்லாம் சேர்த்து 484. பின் அச்சும் அதன் எல்லைக்குள் இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். பின்னால் எடுக்கும்போது கேம்பர் கண்ணாடியில் தெரியவே இல்லை, தெரியும்போது ஏற்கெனவே மடிந்துவிட்டது.

மழைக்காடு:
பாப்-அப் எல்லோருக்கும் அப்படித்தான் அக்கா, தாழ்வாகவும் குட்டையாகவும் இருப்பதால் சட்டென்று மடியும். கேம்பரின் பின்மூலைகள் இரண்டிலும் ஆளுயரக் கம்பி ஒன்றில் பளிச்சென்ற துணி கட்டி நிறுத்துங்கள், இரண்டும் பக்கக் கண்ணாடியில் தெரியும். கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கம் வையுங்கள். கேம்பரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஒரு கம்பி பெரிதாகத் தெரிய ஆரம்பித்தால் அதற்கு எதிர்ப்பக்கம் கையை நகர்த்துங்கள், நேராகும். மடிந்துவிட்டால் போராடாமல் முன்னால் எடுத்து மறுபடி வாருங்கள்.

கூடாரவாசி:
141 நல்ல எண். புது டயர் போட்டிருப்பதால் ஒன்று மட்டும்: கிளம்பி 15, 40, 80 கிலோமீட்டர் என்று மூன்று இடத்தில் நிறுத்தி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்குங்கள். நிறுத்தும்போதெல்லாம் பேரிங் மூடியைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே சூடாக, கை வைக்க முடிகிற அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுட்டால் அங்கேயே நில்லுங்கள்.